ஈறு வீங்கிச் சிவந்திருக்கிறது, பிரஷ் பட்டாலே ரத்தம்: வீட்டிலேயே சரியாகுமா?

ஜூன் 4, கேள்வி

பத்து நாளாக ஈறு வீங்கியிருக்கிறது. பல் தேய்த்துத் துப்பினால் நுரையில் ரத்தம். வலி என்று பெரிதாக இல்லை, ஒரு தினவு மாதிரி இருக்கிறது. ரத்தம் வருகிற பக்கம் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போதுமா? கிராம்பு எண்ணெய் தடவலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு 9.40

தேய்ப்பதை நிறுத்தினீர்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் தோன்றுகிற யோசனைதான். நானும் மூன்று வாரம் அப்படி இருந்தேன். கையில் சிராய்ப்பு என்றால் தொடாமல் விட்டால் ஆறிவிடும். ஈறு அப்படி ஆறாது. அங்கே வீக்கத்தை உண்டாக்குவதே பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலம்தான். தொடாமல் விட்டால் படலம் தடிக்கும், வீக்கம் கூடும், ரத்தம் இன்னும் வரும், நீங்களும் இன்னும் பயந்து விலகுவீர்கள்.

மிருதுவான பிரஷ் ஒன்று எடுங்கள். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படுகிற மாதிரி 45 டிகிரி சாய்த்து வைத்து, அங்கேயே சின்னச் சின்னதாக அசையுங்கள். ரம்பம் அறுப்பது போல இழுக்க வேண்டாம். காலையில் 2 நிமிடம், படுக்கும் முன் 2 நிமிடம். முதல் நான்கைந்து நாள் ரத்தம் வரத்தான் செய்யும். பயப்படாதீர்கள்.

உப்புத் தண்ணீர் நல்லது. எனக்கு ஐந்தே நாளில் சரியாக்கியது. ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு.

ஜூன் 5, காலை

திருத்தம். ஒரு ஸ்பூன் என்று எழுதிவிட்டேன், அது அதிகம். அரை டீஸ்பூன் போதும். கரிக்கக் கரிக்கக் கொப்பளித்தால் ஏற்கெனவே வெந்திருக்கும் ஈறு எரியும், வாயும் உலரும். அரை நிமிடம் வாயில் வைத்து அலசித் துப்புங்கள், விழுங்க வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை.

கிராம்பு எண்ணெயைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதுவரை தடவாதீர்கள்.

ஜூன் 5, இரவு

கிராம்பு எண்ணெய். இரண்டு வருடத்துக்கு முன் கீழ்த்தாடை இடது பக்கம் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விண் விண்ணென்று தெறித்தது. பஞ்சில் நான்கு சொட்டு விட்டு, கலக்காமல் அப்படியே ஈறில் வைத்து அழுத்திக்கொண்டேன். முதலில் சுள்ளென்று எரிந்தது, பிறகு மரத்துப்போனது. மரத்ததை நிவாரணம் என்று நினைத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வைத்தேன். காலையில் கண்ணாடியில் பார்த்தால், பஞ்சு இருந்த இடத்தில் ஈறு வெள்ளையாகச் சுருங்கி, நுனி விரலால் தொட்டதும் மெல்லிய தோலாகப் பிரிந்து வந்தது. கீழே பச்சைப் புண். பழைய வலியோடு இது வேறு. ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால் என்கிற பொருள் உண்மையிலேயே மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவத்திலேயே தற்காலிக நிரப்பலில் துத்தநாக ஆக்சைடோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் செறிவான எண்ணெய் நேராகப் பட்டால் சதையைச் சுட்டுவிடும். வேண்டுமென்றால் சமையல் எண்ணெய் ஒரு டீஸ்பூனில் இரண்டு சொட்டு கலந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியால் தொட்டுத் தடவி, சற்று நேரத்தில் கொப்பளித்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் இதே மாதிரி வெள்ளையாகச் சுடும். மாத்திரை வலியைக் குறைப்பது வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்த பிறகுதான், ஈறில் வைப்பதால் ஒரு பலனும் இல்லை.

ஜூன் 7

உப்புத் தண்ணீர் ஐந்தே நாளில் சரியாக்கியது என்று முதல் நாள் எழுதியதை யோசித்துக்கொண்டே இருந்தேன். அது முழு உண்மை இல்லை. அப்போது போனில் எழுதிவைத்த குறிப்புகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் தொடங்கிய அதே நாளில்தான் பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டிருக்கிறேன், பல்லிடுக்கு பிரஷ் வாங்கியிருக்கிறேன், மூன்று வாரமாகத் தொடாமல் வைத்திருந்த பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கியிருக்கிறேன். அத்தனையும் ஒரே நாளில். பெயர் மட்டும் உப்புக்குப் போய்விட்டது.

இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு வெறும் கொப்பளிப்போடு நிறுத்துகிறவர்கள் இருப்பார்கள். உப்புத் தண்ணீர் வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும், ஒட்டாமல் கிடக்கும் துணுக்குகளை அலசும், வாய்க்கு இதமாக இருக்கும். ஒட்டியிருக்கும் படலத்தைப் பெயர்க்காது. பாத்திரத்தில் பிடித்த பிசுக்கைத் தண்ணீர் ஊற்றி ஆட்டினால் போகுமா? தேய்த்தால்தான் போகும்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்கவே கூடாது என்று சொல்லிக் காத்திருந்தார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, ஒருவரும் தப்பவில்லை. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. கொப்பளிப்பு மருந்து, எண்ணெய், பொடி எதுவும் இல்லாமல்! எனக்கு நம்பிக்கை தந்தது இந்தச் சோதனைதான். ஈறு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜூன் 8

பிரஷ் போகாத இடம் ஒன்று இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக ஈறு நிற்குமே, பெரும்பாலும் வீக்கம் அங்கேதான் தொடங்கும். நல்ல ஈறில் அந்த முக்கோணம் கூராக, பல்லோடு ஒட்டி இருக்கும். வீங்கினால் நுனி மழுங்கி, பளபளவென்று உப்பிக்கொண்டு நிற்கும். கண்ணாடி முன்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், பார்த்தவுடன் தெரியும்.

அந்த இடத்துக்கு ஃப்ளாஸ் நூல், அல்லது இடைவெளி சற்று அகலம் என்றால் பல்லிடுக்கு பிரஷ். நூலை வெட்டென்று ஈறுக்குள் இறக்கக் கூடாது. மெல்ல இறக்கி, ஒரு பல்லைக் கட்டிப்பிடிப்பது போல வளைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை மேலும் கீழும் உரசி, பிறகு பக்கத்துப் பல்லுக்கும் அதே மாதிரி. நான் முதல் தடவை செய்தபோது நூல் முழுக்கச் சிவப்பு, மோந்து பார்த்தால் நாற்றம். பத்தாவது நாள் நூல் வெள்ளையாகவே வந்தது.

ஜூன் 8, சற்று நேரம் கழித்து

மஞ்சள் பற்றிக் கேட்டவருக்கு: வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு, தேய்த்த பிறகு குழைத்துத் தடவினால் கெடுதல் இல்லை. பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், கழுவினால் போகும். எண்ணெய் கொப்பளிப்பதும் அப்படித்தான், பிடித்திருந்தால் செய்யுங்கள், பிரஷ்ஷுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளாதீர்கள். எலுமிச்சை, வினிகர் இரண்டும் வேண்டாம். அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கும். கரி, சாம்பல், உப்புத் தூள் வைத்துப் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம், ஈறு கீழே இறங்கிவிடும். தேயிலை மர எண்ணெய் வீட்டில் இருந்தால் வாயில் விடவே விடாதீர்கள், விழுங்கினால் நஞ்சு.

ஜூன் 12

கடையில் கிடைக்கும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல மருந்து, கிருமியை நன்றாக அடக்கும். ஈறு மிகவும் வலித்து, பிரஷ் வைக்கவே முடியாத நாட்களில் கைகொடுக்கும். ஆனால் இதை வருடம் முழுக்க ஓட்டக் கூடாது. இரண்டு வாரம் என்பது வழக்கமான அளவு. அதற்கு மேல் போனால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும், சாப்பாட்டில் ருசி மாறித் தெரியும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். தேய்த்தவுடன் கொப்பளித்தால் பாதி வீண். தேய்த்து அரை மணி நேரமாவது விட்டுவிட்டுக் கொப்பளியுங்கள்.

ஜூன் 13

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆட்டம் காணும், கூசும், இடைவெளி விழும், அதனால் வீட்டு வைத்தியமே மேல்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தப் பயம் எனக்கும் இருந்தது. இதனாலேயே நான்கு வருடம் போகாமல் இருந்தேன்.

படலம் துடைக்கப்படாமல் கிடந்தால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துச் சில நாட்களிலேயே இறுகத் தொடங்கிக் காரையாகிவிடும். காரை ஆன பிறகு பிரஷ் தோற்றுவிடும், உப்பும் தோற்றுவிடும். கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அதிகம் படியும், ஏனென்றால் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். பல் வழுவழுவென்று இருக்க வேண்டும், சொரசொரப்பு தட்டினால் அதுதான்.

எனக்கு எடுத்தபோது வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். தொட்டியில் ரத்தத்தோடு ஒரு துண்டு விழுந்தது, உடைந்த முட்டை ஓடு மாதிரி, மஞ்சளும் கறுப்புமாக. ஒரு பக்கம் பல்லின் வளைவு அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. நான்கு வருடம் அதைத்தான் பல் என்று நினைத்து நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன்.

எடுத்த பிறகு இடைவெளி தெரிந்தது உண்மை. இரண்டு நாள் காற்றுப் பட்டாலே கூசியதும் உண்மை. இடைவெளியைக் கருவி உண்டாக்கவில்லை. காரை அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானது, வீங்கியிருந்த ஈறு வற்றியது, அதனால் தெரிந்தது. ஆடுகிற பல்லைக் காரை கொஞ்ச காலம் பிடித்துவைத்திருப்பதும் உண்டு. ஆனால் அந்தப் பல்லை ஆட வைத்ததும் அங்கே சேர்ந்த அழுக்குதான்.

ஜூன் 15

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

என் அப்பா 30 வருடம் சிகரெட் பிடித்தவர். என் ஈறில் ரத்தம் வந்த நாட்களில், "எனக்கு ஒரு நாளும் ஒரு சொட்டு வந்ததில்லை" என்று சொல்வார். உண்மைதான், வந்ததில்லை. ஈறு வெளிறி, இறுக்கமாக, பார்க்க நன்றாகவே இருந்தது. போன வருடம் ஒரு மேல் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியபோதுதான் கூட்டிப்போனேன்.

மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல இறக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே போனார், பக்கத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். 3 வரை இருந்தால் நல்லது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், 4-லிருந்து கவனிக்க வேண்டும். அப்பாவுக்கு 5, 6, 7, மறுபடி 7 என்று வந்துகொண்டே இருந்தது. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் எலும்பு பல்லின் வேரில் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மூன்று பற்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

புகை ஈறில் ரத்த ஓட்டத்தைச் சுருக்கி, வீக்கத்தையும் ரத்தக் கசிவையும் மறைத்துவிடுமாம். நமக்கெல்லாம் ரத்தம் வந்து எச்சரிக்கிறது. அவருக்கு அந்த எச்சரிக்கையே வரவில்லை. ஆகவே புகைப்பவர்கள், புகையிலை மெல்பவர்கள், ரத்தம் வரவில்லை என்பதை வைத்து ஈறு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். தயவுசெய்து ஒரு முறை அளந்து பார்த்துவிடுங்கள்.

ஈறு வீக்கம் மட்டும் என்றால் முழுக்கத் திரும்பி வரும். எலும்பு கரைந்தால் போனது போனதுதான், மேலும் கரையாமல் நிறுத்தத்தான் பெரும்பாலும் முடியும். சிகரெட்டை அப்பா அன்றைக்கே விட்டார். விட்ட சில வாரங்களில் ஈறில் முதல் முறையாக ரத்தம் பார்த்துப் பதறிவிட்டார். அடைந்து கிடந்த ரத்த ஓட்டம் திரும்பும்போது சிலருக்கு அப்படி வரும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் அமைதியானார்.

ஜூன் 16

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.

ஜூன் 19

அழுக்கு மட்டுமே காரணமா என்ற கேள்விக்கு நான் முதலில் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன், அதை விரிவாக்குகிறேன். பெரும்பாலும் அழுக்குதான். ஆனால் அதே அளவு அழுக்குக்கு ஒருவருக்கு லேசாகச் சிவக்கும், இன்னொருவருக்குப் பொங்கிவிடும். நடுவில் உடம்பு இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சட்டென்று வீங்கும். என் தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே சிவப்பாக ஒரு கட்டி போலவே கிளம்பியது, தொட்டால் ரத்தம். புற்றுநோயோ என்று இரவெல்லாம் தூங்காமல் இருந்தாள். கர்ப்பத்தில் அப்படி வருவதுண்டு, பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும் என்று மருத்துவர் சொன்னார். அவளுக்கும் சுருங்கியது. கர்ப்பிணிகள் பல் சுத்தம் செய்துகொள்ளலாம், தள்ளிப்போட வேண்டியதில்லை.

சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்றால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் கிருமித் தொற்று இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். காரணமே புரியாமல் ஈறு அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்தால் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

மாத்திரைகள். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின், அம்லோடிபின், உறுப்பு மாற்று செய்தவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல் மேல் ஏற வைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் ரத்தம் கூடுதலாக வரும்.

வைட்டமின் சி குறைவு. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமாக வைத்தியம் செய்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் சட்டென்று தேறினார்கள். ஆனால் ஓரளவு பழமும் காய்கறியும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குறைவு அபூர்வம், அதனால் ரத்தம் வந்தவுடன் சி மாத்திரை வாங்கிச் சப்புவதில் பெரிய பலன் இருக்காது. எலுமிச்சை வேண்டாம் என்று மேலே எழுதியது ஈறில் தேய்ப்பதைப் பற்றி. சாப்பிடுவதற்கு ஒரு தடையும் இல்லை.

இன்னொன்று, வாயால் மூச்சு விடுவது. மேல் முன்பற்களுக்கு மேலே மட்டும் ஈறு சிவந்து பளபளத்தால், இரவில் வாயைத் திறந்து தூங்குகிறீர்களா என்று பாருங்கள். மூக்கடைப்பைச் சரிசெய்தால் ஈறும் அமைதியாகும்.

ஜூன் 20

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும் என்று இதுவரை எழுதாமல் போனது என் தவறு. முகம் அல்லது கழுத்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால், மூச்சு இழுப்பதில் கஷ்டம் இருந்தால் அன்றைக்கே, நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சீழ் தாடைக்குக் கீழே பரவினால் உயிருக்கே ஆபத்து.

இரண்டு வாரம் ஒழுங்காகச் சுத்தம் செய்தும் ரத்தம் நிற்கவில்லை, பல் ஆடுகிறது, ஈறில் பரு போலக் கிளம்பி உப்புக் கரிக்கும் நீர் கசிகிறது என்றால் அந்த வாரமே பல் மருத்துவர். முக்கோண நுனிகள் அரித்தது போலாகிச் சாம்பல் நிறத்தில் படிந்து, கடும் வலியும் நாற்றமும் இருந்தால் அது வேறு வகைத் தொற்று, காத்திருக்க வேண்டாம். உடம்பெல்லாம் காரணமில்லாமல் கன்றிப்போய், களைப்போடு ஈறும் வீங்கினால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

கடைசிக் கடைவாய்ப் பல் பாதி முளைத்து, அதன் மேல் ஈறு மடல் போல மூடியிருந்தால் அடியில் உணவு தங்கி வீங்கும். எனக்கு அன்று விண் விண்ணென்று தெறித்ததும் அதுதான் என்று பிறகு தெரிந்தது. அதற்கு உப்புத் தண்ணீர் உண்மையிலேயே நல்ல இதம், ஆனால் பல் அப்படியே இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும்.

ஜூன் 24

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்! எல்லா இடத்திலும் ரத்தம் நின்றுவிட்டதாம், மேல் வலது பக்கம் ஒரே ஒரு பல்லிடுக்கில் மட்டும் இன்னும் வருகிறது, அங்கே ஃப்ளாஸ் நூல் ஒவ்வொரு தடவையும் பிசிறி அறுந்துபோகிறது என்கிறார்.

அந்த நூல் விஷயத்தை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். வாய் முழுக்க வீக்கம் என்றால் அது பழக்கத்தின் பிரச்சினை, அல்லது உடம்பின் பிரச்சினை. ஒரே ஓர் இடம் என்றால் அந்த இடத்தில்தான் ஏதோ இருக்கிறது. காரை, சொத்தை, மாட்டிக்கொண்ட சோளப்பொரித் தோல், எதுவாகவும் இருக்கலாம்.

ஜூலை 3

பழைய நிரப்பல்! ஆறு வருடத்துக்கு முன் அடைத்த நிரப்பலின் ஓரம் பல்லைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றதாம். அதன் அடியில் பிரஷ்ஷும் நூலும் போகவே வழியில்லை. எத்தனை உப்புத் தண்ணீர் கொப்பளித்தாலும் அந்த இடம் ஆறியிருக்காது. ஓரத்தைச் சீவி மெருகேற்றிக் கொடுத்துவிட்டார்கள், நேற்று நூல் முதல் முறையாக அறுபடாமல் வெளியே வந்தது என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நூல் பிசிறுகிற இடம் உங்களுக்கும் இருந்தால் சும்மா விடாதீர்கள்.

அப்பாவுக்கு நாளை மூன்று மாதப் பரிசோதனை. போன முறை அந்த இரண்டு 7-களும் 5 ஆகியிருந்தன. இந்த முறை எண்களை நானே எழுதிக்கொள்ளப் போகிறேன்.